மூடி திறக்காமல் திரும்பி வந்த கேரியர்

நிறையச் சாப்பாட்டோடு ஒரு வீட்டுக்குப் போன கேரியர், அதே சாப்பாட்டோடு, மூடி கூடத் திறக்கப்படாமல் சற்று நேரத்தில் திரும்பி வந்தால் அதற்கு என்ன பொருள்?

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கண்ணெதிரே அது நடந்தது. அன்றிலிருந்து அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பலவீனம் தெரியும். மீந்த சாதத்தை என்னென்ன பலகாரமாக மாற்றலாம் என்று நான் எழுதியபோது, 'உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வரவே பயமாக இருக்கிறது' என்று கேலி செய்தவர்கள் உண்டு. போகட்டும். உணவை வீணாக்குவது தவறு என்பதில் எனக்கு அன்றும் மாற்றுக் கருத்து இல்லை, இன்றும் இல்லை. ஆனால், மீந்த உணவை யாரிடம், எப்படிக் கொடுக்கிறோம் என்று நான் இதுவரை யோசித்ததில்லை... அந்தக் கேரியர் யோசிக்க வைத்துவிட்டது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், கார்களுக்கான ஒயர்களைக் கட்டித் தரும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகப் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். உற்பத்தி லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் புவனாவும் எஸ்தரும். இருவருக்கும் ஒரே ஊர் — கவரைப்பேட்டையை அடுத்த ஒரு கிராமம். புவனாவின் மாமனாருக்கு அங்கே நெல் வயல் இருக்கிறது. எஸ்தரின் மாமியார் மேரியம்மா ஒரு காலத்தில் அந்த வயலில் நாற்று நட்டவர். அதெல்லாம் முந்தைய தலைமுறை. மருமகள்கள் இருவருக்கும் இன்று ஒரே நிறத்தில் யூனிஃபார்ம், ஒரே கம்பெனி பஸ், சாப்பாட்டு நேரத்தில் ஒரே பெஞ்ச்.

சாப்பாடும் ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும். கேன்டீன் சாம்பார் மீது நம்பிக்கை இழந்த இருவரும் வீட்டிலிருந்தே டப்பா கொண்டு வருவார்கள். திறந்த சிறிது நேரத்தில் எது யாருடைய டப்பா என்று அவர்களுக்கே தெரியாது.

"இன்னாடி இது, நேத்து வெச்ச காரக்கொழம்பா?"

"முந்தாநேத்து வெச்சது. இன்னா இப்போ?"

"அப்டின்னா இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

பழைய குழம்பைப் பற்றி எஸ்தருக்கு இருந்த மதிப்பு அத்தகையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறன்று புவனாவின் நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து. விருந்து மாமனார் வீட்டில். எனக்கும் அழைப்பு இருந்தது. முகூர்த்த நாள் என்பதால் வரவேண்டிய உறவினர்களில் பலர் வேறு கல்யாணங்களில் சாப்பிட்டுவிட்டு, இங்கே மொய் எழுத மட்டும் வந்தார்கள். மதியம் பந்தி முடிந்தபோது சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் அண்டா அண்டாவாக நின்றன.

"பக்கத்துல குழி தோண்டிக் கொட்டிடலாம்மா" என்றார் சமையல் மாஸ்டர், வழக்கமான வேலையைச் சொல்வது போல.

"நீ சும்மா இரு மாஸ்டர்!" என்று சீறினாள் புவனா.

அவளுக்குச் சோறு குழிக்குள் போவதைப் பார்க்கும் மனம் கிடையாது. அடுக்குக் கேரியரை எடுத்தாள். உடையாத வடைகளாகப் பார்த்து அடுக்கினாள். கரண்டியை அண்டாவின் அடிவரை விட்டு முந்திரியாகத் தேடிப் பாயசம் எடுத்தாள். "எஸ்தருக்குச் சேமியா பாயசம்னா உசுருக்கா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மூடியை அழுத்தினாள். கணவர் மோகனிடம் கொடுத்து அனுப்பினாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். அதனால், திரும்பி வந்த கேரியர் கனமாக இருந்தபோது புவனா முதலில் சிரித்தாள். "அதுக்குள்ள இன்னாத்த போட்டு அனுப்பினா?" என்று மூடியைத் திறந்தாள்.

அவள் அடுக்கிய வடைகள் அடுக்கியபடியே இருந்தன.

"எஸ்தர் மாமியார் வெளிய வந்துச்சு. 'வேணாம்பா, எடுத்துக்கினு போ'ன்னுச்சு. அவ்ளோதான்" என்றார் மோகன்.

"எஸ்தர்?"

"கதவாண்ட நின்னுக்கினு இருந்துச்சு. ஒண்ணும் பேசல."

நாற்காலியில் அமர்ந்திருந்த புவனாவின் மாமனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் கம்பெனி துட்டு பேசுது. நம்ம ஊட்டுச் சோறு இனிமே அவங்களுக்கு எறங்குமா?" என்றார். புவனா கேரியரை உள்ளே எடுத்துப் போனாள்.

மறுநாள் தொழிற்சாலையில் எஸ்தர் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தன் டப்பாவைத் திறந்தாள், தின்றாள், கழுவினாள், போனாள். சோற்றைக் கொட்டவே தெரியாத புவனாவின் டப்பாவில் அன்று பாதிச் சோறு மீந்தது.

"கெட்டுப்போனதையாக்கா குடுத்தேன்? பந்தில நீங்க சாப்பிட்ட அதே சாப்பாடு தானே? இத்தினி வருசப் பழக்கம், ஒரு கேரியர்ல போயிடுமா?" என்று என்னிடம் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

எனக்குள் ஒரு கேள்வி முளைத்தது. மீந்த உணவைப் பற்றி மனிதர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் அதை எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். உங்கள் வீட்டில் மீந்ததை யார் சாப்பிடுகிறார்கள்?

"எங்க ஊட்ல மிஞ்சறதே இல்ல மேடம்" என்றார் ஓர் ஆபரேட்டர், பெருமையாக.

அவருடைய மனைவியும் அதே பஸ்ஸில்தான் வருவார். பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "மிஞ்சறதில்லையா? டெய்லி பாத்திரம் கழுவறதுக்கு மின்னாடி நின்னுக்கினே வழிச்சித் துன்றேனே, அதுக்கு இன்னா பேரு?"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஆபரேட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொரு பெண் சொன்னார்: "ஃப்ரிட்ஜ் வாங்குனதுலருந்து எதையும் உடனே கொட்றதில்ல மேடம். மூடி வெச்சி, மறந்துபோயி, அப்பறமா கொட்றோம்." வீணாக்குவதைத் தள்ளிப்போட ஓர் இயந்திரம்! நாம் எல்லோருமே ஒன்று வைத்திருக்கிறோம் அல்லவா?

கேட்கக் கேட்க ஒன்று புலப்பட்டது. மீந்த உணவுக்கு ஒரு திசை இருக்கிறது. கணவர் வேண்டாமென்று ஒதுக்கியது மனைவியின் தட்டுக்கு வருகிறது. மாமியார் தொடாதது மருமகளுக்கு. வீட்டுக்காரர்கள் தின்று முடித்தது, பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு. எதிர்த்திசையில் அது நடந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்ததுண்டா?

இந்தக் கேள்வியோடுதான் மறுநாள் டீ இடைவேளையில் எஸ்தரிடம் போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "மீந்தது என்பதால்தான் வாங்கவில்லையா?"

அவள் சிரித்துவிட்டாள். "இன்னாக்கா நீங்க! எங்க ஊட்ல ராத்திரி மீந்த சோறுதான் காலைல நாஷ்டா. புவனா டப்பாவுல முந்தாநாள் கொழம்ப நான் வழிச்சித் துன்றதப் பாத்ததில்லையா?"

"பிறகு ஏன்?"

டீ கப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"அவ டப்பாவுல நான் துன்றப்ப அவளும் பக்கத்துல உக்காந்து துன்றாக்கா. அன்னிக்கி மோகன் அண்ணன் வண்டிய ஆஃப் பண்ணல. எறங்கல. தெருவுல நின்னுக்கினு, 'எஸ்தர், சாப்பாடு மீந்துபோச்சு, குடுத்துட்டு வரச் சொல்லிச்சு'ன்னு கூவுனாரு. தெருவே எட்டிப் பாக்குது. எங்க மாமியாரு வயசுப் புள்ளையா இருந்தப்ப அதே ஊட்டுப் பின்னாடி, கடைசிப் பந்தி எழுந்திருக்கற வரைக்கும் குண்டானப் புடிச்சிக்கினு நின்னுக்கினு இருந்தவங்க. அதே ஊடு, அதே சாம்பாரு. அன்னிக்கி இவங்க நடந்து போனாங்க, இப்ப பைக்ல வருது. அவ்ளோதான் வித்தியாசம்."

அவளே தொடர்ந்தாள்.

"இன்னொண்ணு கேக்கறேன்க்கா. பந்தில துன்ன என்னைக் கூப்புடல. மீந்தப்போ மட்டும் என் நெனப்பு எப்டி வந்துச்சு?" கப்பைக் குப்பைக்கூடையில் போட்டாள். "பேஜாரு. நீங்க போயி இதையெல்லாம் அவகிட்ட சொல்லாதீங்க. அவளுக்கே தானா தெரியணும்."

சொல்லவில்லை. ஆனால் புவனாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "காதுகுத்துக்கு எஸ்தரை எத்தனை மணிக்கு வரச் சொன்னாய்?"

"லைன்ல எல்லாரையும் சாயந்திரம்தான் வரச் சொன்னேன்க்கா. டீ, கேசரின்னு. மத்தியானம் சொந்தக்காரங்க, அப்பறம் உங்கள மாதிரி ஆபீஸ்காரங்க. மாமனார்தான் யார் யார எப்பன்னு..."

அங்கே நிறுத்தினாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலிருந்தது. பிறகு, "நான் அவரக் கேக்கவே இல்லக்கா. அது பாட்டுக்கு நடக்குதுன்னு வுட்டுட்டேன்" என்றாள்.

நானும்தான் கேட்கவில்லை. எஸ்தர் ஏன் இந்தப் பந்தியில் இல்லை என்று, வடையைப் பிட்டபடி நானும் யோசிக்கவில்லை. எத்தனை கிலோ சோறு வீணாகிறது என்று கவலைப்படும் நாம், அந்தச் சோற்றை முதலில் யார் யாருக்கு நினைத்து உலை வைத்தோம் என்று கேட்பதில்லை. குழியில் கொட்டுவது தவறு, ஐயமே இல்லை. ஆனால், குழிக்குப் பதிலாக ஒரு மனிதரை நினைத்துக்கொண்டால், அந்த மனிதருக்கு அது தெரியாமல் போகுமா?

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். புவனாவும் மோகனும் தங்கள் சம்பளத்தில் கட்டிய சிறிய வீட்டுக்கு வரும் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். மாமனார் வீட்டு விசேஷம் அல்ல, இவர்களுடையது. யாரை, எப்போது அழைப்பது என்பதும் இவர்கள் பாடு.

சென்ற வாரம் ஷிஃப்ட் முடிந்ததும் புவனாவை மோகன் கம்பெனி வாசலில் அழைத்துக்கொள்ள, இருவரும் நேராக எஸ்தர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே நடந்ததை இரண்டு தரப்பும் என்னிடம் சொல்லிவிட்டன; விவரங்களில் பெரிய முரண்பாடு இல்லை.

இம்முறை மோகன் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறார். மேரியம்மா 'வா' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. எஸ்தர் அடுப்படியை விட்டு வரவில்லை. பத்திரிகையை நீட்டுவதற்கு முன், புவனா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பசிக்குதும்மா. கம்பெனிலருந்து நேரா வர்றோம். துன்ன இன்னா இருக்குது?"

"இன்னா இருக்கும்? மத்தியானம் வெச்ச கருவாட்டுக் கொழம்பு. துன்னது போக மீந்தது" என்றார் மேரியம்மா. 'மீந்தது' என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார் என்று எஸ்தர் சத்தியம் செய்கிறாள்.

"போடுங்க."

மேரியம்மா மோகனைப் பார்த்தார். அந்த வீட்டில் மோகன் அதுவரை தண்ணீர் கூடக் குடித்ததில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது வாட்டியும் சோறு கேட்டு வாங்குனாருக்கா. சட்டிய வழிச்சதே அவருதான்" என்று சொல்லிச் சிரித்தாள் எஸ்தர். சொன்ன இடம், அவர்களுடைய பழைய பெஞ்ச். அவள் கை அப்போது புவனாவின் டப்பாவுக்குள் இருந்தது.

"உன் மாமனார் கிரகப்பிரவேசத்துக்கு வருவாரா?" என்று புவனாவிடம் கேட்டேன். எதையும் யோசித்துப் பார்க்கிற பழக்கம் என்னை விடாது.

"வந்தா ஒண்ணா உக்காந்து சாப்டட்டும். வரலன்னா அவரு பங்கு மிஞ்சும், நானே துன்னுக்கறேன்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். மாமனார் வீட்டில் அவளுக்கு இன்னும் எத்தனை பேச்சு காத்திருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

மேரியம்மா என்ன பதில் சொன்னார் என்று கேட்கிறீர்களா? பத்திரிகையைக் கையில் வாங்காமலேயே முதலில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"மொதப் பந்தியா, கடைசிப் பந்தியா?"

"நீங்க வந்து உக்காந்தாதான் எலையே போடுவோம்" என்றாள் புவனா.

மேரியம்மா பத்திரிகையை வாங்கி அலமாரியில் வைத்தார். தின்ற தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனவர், பின்வாசலில் திரும்பி நின்று சொன்னாராம்: "செரி, வர்றோம். சோறு மீந்துச்சுன்னா அன்னிக்கிச் சொல்லு — குண்டான் நானே எடுத்தாரேன்."