அரை விநாடிப் பக்கம்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ஸ்டாப்வாட்ச். கணினியிலேயே ஆயிரக்கணக்கான பொய் ஆட்களை உருவாக்கி, ஒரே நேரத்தில் ஓர் இணையப் பக்கத்தின் மேல் ஏவிவிட்டு, அது எத்தனை விநாடியில் பதில் சொல்கிறது என்று அளப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் பிழைப்பு. வீட்டில் பால் பொங்கினாலும் விநாடி எண்ணுகிற ஜன்மம்.

அன்றைக்கு அவள் கையில் இருந்தது கல்லூரிச் சேர்க்கைப் பக்கம். மறுநாள் காலை திறக்கிறது. முதலில் பதிகிறவர்களுக்கே இடம். சாயங்காலத்துக்குள் 'கூட்டத்தைத் தாங்கும்' என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

நூறு பேரை ஏவினாள்: நான்கு விநாடி. ஆயிரம் பேர்: ஒன்பது. ஐயாயிரம் பேர்: அரை விநாடி.

தலை சுற்றியது. கூட்டம் சேரச் சேர வேகம் கூடுமா? இது எந்த ஊர் நியாயம்? மறுபடி ஓட்டினாள். அரை. கணினியை அணைத்துப் போட்டு ஓட்டினாள். அதே அரை.

"நல்ல நம்பர் வந்தா ஏம்மா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்றார் மேலாளர். "போன வருஷமும் இதேதான வந்துச்சு? சந்தோஷமா கையெழுத்து போட்டியே!"

போட்டாள்தான். அந்தத் தைரியத்தில்தான், போன வருடம் அதே பக்கத்தில் பதியப் பார்த்த நாத்தனாரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "பக்கம் தெறக்கவே இல்ல அண்ணி" என்று அந்தப் பெண் அழுதபோது, "நானே அளந்த பக்கம்டி. தூங்கி வழிஞ்சிட்டு அதுமேல பழி போடாத" என்று வாயை அடைத்தாள். சீட்டு போயிற்று, ஒரு வருடமும் போயிற்று. நாளைக்கு நாத்தனார் மறுபடி முயலப் போகிறாள்.

மதியம் ஒரு பதிவுத் தபால் அனுப்பப் போனாள். வாசல்வரை வரிசை. ஆனால் ஆளுக்கு நான்கு விநாடிதான் ஆனது. அட, பரவாயில்லையே என்று நினைப்பதற்குள் அவள் முறை வந்துவிட்டது.

"மெஷின் ரிப்பேர். நாளைக்கு வாங்க. அடுத்தது!"

செருப்பு பின்னால் வர, அலுவலகத்துக்கு ஓடினாள். இத்தனை வருடம் பதில் வந்த நேரத்தை மட்டுமே அளந்திருக்கிறாள். என்ன பதில் வந்தது என்று ஒருநாளும் படித்ததில்லை. ஐயாயிரத்தில் ஒன்றைத் திறந்தாள். 'மன்னிக்கவும். பிறகு முயலவும்.' அடுத்ததும் அதுவே. போன வருடத்துப் பதில்களைத் திறந்தாள். ஒரு வரி மாறவில்லை.

கையெழுத்தில்லாத தாளை மேலாளரின் மேசையில் வைத்து, "தாங்காது சார். நாளைக்குத் தெறக்கக் கூடாது" என்றாள். அவர் கத்தியது காதில் ஏறவில்லை. வராந்தாவுக்கு வந்து நாத்தனாரைப் போனில் அழைத்தாள்.

இவள் வாய் திறக்குமுன்பே அந்தப் பக்கம் குரல் பதறியது. "அண்ணி, அலாரம் வச்சுட்டேன். இந்தத் தடவ சத்தியமா தூங்க மாட்டேன்."

"போன தடவயும் நீ தூங்கலடி" என்றாள்.