வெட்டுப்பட்ட ஒயர்

செம்பட்டியில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்த அந்த மனிதரை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. யார் எது சொன்னாலும் நம்பாதவர் போல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தார்.

என் சரக்கு வேனில் பல்புகள் அடுத்தடுத்துப் போயின. பேட்டரி கொதித்து ஆசிட் வாடை வந்தது. நானும் டிரைவர் முருகேசனும் பக்கத்தில் நிற்க, அவர் இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். பதினாலில் நிற்க வேண்டிய வோல்டேஜ் பதினேழைத் தொட்டது. இன்ஜினை அணைத்து, சின்னக் கத்தியோடு கையை உள்ளே விட்டு வெகுநேரம் துழாவியவர், அறுந்த ஒயர் ஒன்றை இழுத்துக் காட்டினார்.

“பேட்டரி நெறஞ்சிருச்சுன்னு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டருக்குச் சொல்ற ஒயரு இது. தானா அறுந்தது இல்ல அப்பு, நுனி நேரா இருக்கு, வெட்டிருக்காங்க.”

“யாரு வெட்டுவா?”

“அத நீங்கதான் யோசிக்கணும்,” என்று முருகேசனைப் பார்த்தார்.

ஒயரை இணைத்ததும் வோல்டேஜ் இறங்கிவிட்டது. திண்டுக்கல்லுக்குக் கிளம்பினோம். ஊரை நெருங்கும்போது முருகேசன் மெல்லக் கேட்டான்.

“அண்ணே, ஒயர வெளிய இழுக்குறதுக்கு முன்னாடி அந்தாளு கத்திய உள்ள விட்டாருல்ல?”

விட்டார், நானும் பார்த்தேன். தானாக அறுந்த நுனியைச் சீவிவிட்டு, வெட்டியதாகச் சொன்னாரா? அதில் அவருக்கு என்ன கிடைத்தது?

வேனை இன்றும் முருகேசன்தான் ஓட்டுகிறான். அவனையும் அந்த மனிதரையும் மாறிமாறிச் சந்தேகப்படுவதை என்னால் நிறுத்த முடியவில்லை.