பின்னட்டை ஜன்னல்

கட்டக்கா என்ற பெயரை வைத்தவன் வக்கீல். அவன் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவன், இருபது வயது, எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவதால் அந்தப் பட்டம். படக்கதையில் ஒவ்வொரு காட்சியும் ஒரு கட்டத்துக்குள் வரும். படக்கதை வகுப்பு நடக்கும் சனி, ஞாயிறு மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அவள் வாயில் வேறு சொல்லே வராது. "இந்தக் கட்டத்துல யாரு பேசுறா? அந்தக் கட்டத்துல ஏன் எல்லாருக்கும் ஒரே மூக்கு?" முதல் மாதமே பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இடம் நூலகத்து மாடி. பழைய செய்தித்தாள் கட்டுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிடித்த அறை. இரண்டு நீள மேசை, ஒரே ஒரு மின்விசிறி. போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டி மை கலையும். பன்னிரண்டு பேர் வந்தார்கள். குடிசையை இடித்து ஊர்க்கோடி அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட வீட்டுப் பிள்ளைகள், படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர்கள், காப்பகத்தில் வளர்ந்த இரண்டு பேர். கேள்வித்தாளோடு வந்து அவர்களைப் பற்றி எழுதிக்கொண்டு போனவர்கள் ஏற்கெனவே ஏராளம். பென்சிலை அவர்கள் பக்கம் நீட்டியவள் கட்டக்காதான்.

நாற்பத்துநான்கு வயது. பத்தொன்பது வருடம் ஓர் அச்சகத்தில் படம் போட்டவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், மிக்ஸியோடு வரும் விளக்கப் புத்தகம், இதெல்லாம் அவள் வேலை. ஒருமுறை, கேஸ் கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுத்தாள் வந்தது. ஒரு பெண் சிலிண்டரை மூடுவதுபோல் வரைந்தாள். பார்க்கப் பளிச்சென்று இருக்கட்டும் என்று பின்னால் வெள்ளையாக விட்டாள். ஜன்னலைத் திற என்று கீழே எழுத்தில் இருந்தது, படத்தில் ஜன்னலே இல்லை. படிக்கத் தெரியாத ஓர் அம்மா படத்தைப் பார்த்து சிலிண்டரை மட்டும் மூடினார். வெளியேறாத கேஸ் தீப்பிடித்து அவருக்கு இரண்டு கையும் வெந்துபோன செய்தி, தாளை விநியோகம் செய்த ஆள் மூலமாக அச்சகத்துக்கு வந்து சேர்ந்தது. முதலாளி எதுவும் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆளுக்குப் பின்னால் வெள்ளையாகக் கிடந்தால் அவளுக்கு மனசு பொறுக்காது.

அதனால் மாடியறையில் முதல் சட்டம் அதுவே ஆனது: பின்னால் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து வரை. இரண்டாவது சட்டத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மூணு மாத்து. சொந்தக் கதையைச் சொல்லலாம், ஆனால் பெயர், முகம், வீடு மூன்றையும் மாற்றிவிட வேண்டும்.

"முகத்தை மாத்திட்டா அப்புறம் உண்மைக் கதை எப்படி ஆகும்?" என்று வக்கீல் எழுந்து நின்றான்.

"உங்கப்பாவை வரைஞ்சு உங்கப்பாகிட்டயே கொண்டு போய்க் காட்டுவியா?"

"ஐயோ."

"அப்ப மாத்து."

அவன் அப்பாவை எருமையாக வரைந்தான். "இப்பவும் அடையாளம் தெரியுதுடா" என்றாள் பக்கத்தில் இருந்தவள். மேசையே குலுங்கியது.

அந்தச் சிரிப்பில் சேராமல் வரைந்துகொண்டிருந்தவள் ஊசி. கோடு அவ்வளவு மெல்லிசு, அதனால் ஊசி. பதினெட்டு முடிந்தவள். அம்மா அப்பா இல்லை, அக்கா வீட்டில் வளர்ந்தாள். அக்காவின் கணவர் வேன் ஓட்டுகிறவர். தன் கூட்டாளி ஒருவருக்கு அவளைக் கட்டிவைக்கப் பார்த்தார், மாட்டேன் என்றதற்குப் பதினோரு நாள் அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார். பன்னிரண்டாம் நாள் அக்காவே திறந்துவிட்டாள், எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. இப்போது ஊசி ஒரு தையல் கடையில் பொத்தான் தைக்கிறாள். பெண்கள் விடுதியில் இரண்டாம் மாடியில் இருக்கிறாள். அந்த முகவரி தெரிந்தவர்கள் விடுதிக்கு வெளியே இரண்டே பேர்: தையல் கடைக்காரம்மா, கட்டக்கா. அக்கா புருஷன் செல்போனில் அவள் போட்டோவை வைத்துக்கொண்டு எட்டு மாதமாகக் கடை கடையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊசி மூன்றையும் ஒழுங்காக மாற்றினாள். வீடு படகாக ஆனது, அக்கா புருஷன் மீசை வைத்த படகோட்டி ஆனார், அவளே மொட்டைத் தலைப் பையன் ஆனாள். நான்கு பக்கக் கதை. கடைசிக் கட்டத்தில் மொட்டைத் தலை ஒரு ஜன்னல் ஓரமாக நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை.

எல்லார் கதையையும் சேர்த்த புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், அன்று சனி. கட்டக்கா ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மை போட்டுக் கொடுத்துக்கொண்டு, ஐந்தாவது ஆளை அதட்டிக்கொண்டிருந்தாள். ஊசியின் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, வெளியே ஒண்ணுமே இல்லையே? ஆளு அந்தரத்துல தொங்குற மாதிரி இருக்கு."

"அப்படியே விட்டுரட்டுமாக்கா?"

"விடக்கூடாது. நீ தினமும் காலையில எந்திரிச்சு எதைப் பார்க்கிறியோ, அதைப் போடு. நாளைக்கு ரெண்டு மணிக்கு வேணும்."

ஊசி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் மைப்புட்டி கவிழ்ந்தது.

ஞாயிறன்று அவள் கொண்டுவந்த கட்டத்தைப் பார்க்க எல்லாரும் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், ஒன்று உருண்டை, ஒன்று சதுரம். நடுவில் ஒரு மரம், ஒரு கிளை மட்டும் வெட்டுப்பட்டது. கீழே தகரக் கூரைகள், ஒன்றின்மேல் பழைய டயர். ஒவ்வொன்றும் ஊசி முனைக் கோட்டில். "இதைத்தாம்மா நான் ஆறு மாசமா உங்க எல்லார்கிட்டயும் கேட்டேன்" என்றாள் கட்டக்கா. கதை அங்கே முடியும்படி, அந்தக் கட்டத்தை உள்ளே வைக்காமல் பெரிதாக்கிப் பின்னட்டையில் போட்டாள்.

முன்னூறு பிரதி. முடிதிருத்தும் கடை, பல் ஆஸ்பத்திரி, டீக்கடை, பஸ் நிலையம் என்று ஆட்கள் காத்திருக்கும் இடமாகப் பார்த்துப் பிள்ளைகளே கொண்டுபோய் வைத்தார்கள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை வக்கீல் போன் செய்தான். குரலில் குதூகலம்.

"கட்டக்கா, ஊசி எங்க தங்கியிருக்கான்னு கண்டுபிடிச்சிட்டேன்!"

"என்ன?"

"உருண்டை டேங்கும் சதுர டேங்கும் நடுவுல மரமும் தெரியிற இடம் ஊர்லயே ஒண்ணுதான். நான் கேன் போடுற ஏரியா. புக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன், அப்படியே பொருந்துது. பச்சை பில்டிங், ரெண்டாவது மாடி, சரியா? டயர்கூட இருக்குக்கா!"

அவன் பாராட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தான். கட்டக்கா புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பெயர், முகம், வீடு. அந்த மூன்றாவது மாற்றத்தை, விட்டு வந்த வீட்டுக்குத்தான் அவள் சொல்லியிருந்தாள். இப்போது இருக்கும் வீடு அவள் நினைப்பிலேயே இல்லை.

"வக்கீல், வண்டியை எடுத்துட்டு வா. கேன் எல்லாம் இறக்கிட்டு வா."

விஷயத்தைச் சொன்னதும் அவன் வண்டியைத் திருப்பினான். இரண்டு பேரும் கடை கடையாக ஏறினார்கள்.

"போன வாரம் கெஞ்சிக் கெஞ்சி வெச்சீங்க, இன்னைக்கு வந்து பிடுங்குறீங்க?" என்றார் முடிதிருத்துகிறவர். நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவர் புத்தகத்தைக் கொடுக்க மறுத்தார். "எருமை ஆபீஸ் போகுதும்மா, முடிச்சிட்டுத் தர்றேன்."

"அட்டையை மட்டும் கொடுங்க சார். எருமையை நீங்களே வெச்சுக்கோங்க" என்றான் வக்கீல்.

மாடியறையில் மிச்சம் இருந்ததோடு சேர்த்து, மாலைக்குள் பெரும்பாலானவை கைக்கு வந்துவிட்டன. கடைசியாகப் போனது வேன் நிற்கும் இடத்து டீக்கடை. அங்கே இரண்டு வைத்திருந்தார்கள், ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு?"

"ஒரு டிரைவர் பிள்ளைங்களுக்குக் காட்டுறேன்னு எடுத்துட்டுப் போனாரு."

"எந்த டிரைவர்ங்க?"

டீ ஆற்றுகிறவர் தெருவைக் காட்டினார். பதினைந்து வேன் வரிசையாக நின்றது. "இங்க வர்ற எல்லாரும் டிரைவர்தாம்மா."

கட்டக்கா வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டையைக் கழற்றாமலே கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"எல்லாம் கைக்கு வரட்டும்னு பார்க்கிறேன். வீணா பயப்படுவா. இனிமே யாரையும் நம்பமாட்டா."

"கேபிள் நைஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா, முதல் வேலை ஏறக் கூடாதுன்னு கதவுல போர்டு மாட்டுறதுதான். சரி பண்ணிட்டு அப்புறம் மாட்டலாம்னு நினைச்சா, நடுவுல ஒருத்தர் ஏறிடுவாரு."

"என்னைத் திட்டுவா."

"திட்டட்டும். நீ இப்ப அவளைப் பத்திக் கவலைப்படுறியா, உன்னைப் பத்தியா?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பவும் இறங்கினாள்.

தையல் கடை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தாள். ஊசி மடியில் ஒரு வெள்ளைச் சட்டையை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கட்டக்கா வாசல் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்: வக்கீல் கண்டுபிடித்தது, திரும்பி வந்த அட்டைகள், வேன் டிரைவர் கொண்டுபோன ஒன்று. "தப்பு என்னோடது. நான் யோசிக்கவே இல்லை" என்று முடித்தாள்.

ஊசி நூலைக் கடித்து அறுத்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"வரையும்போதே தெரியும். அதான் முதல்ல வெள்ளையா விட்டிருந்தேன்."

"அப்புறம் ஏம்மா வரைஞ்சே?"

"நீங்க சொன்னீங்க." சட்டையைத் திருப்பி அடுத்த பொத்தானைத் தேடினாள். "வேற ஊர் ஜன்னல் மாதிரி ஒண்ணு போட்டுப் பார்த்தேன், நல்லா வரல. இது வந்துச்சு. நீங்க பார்த்துட்டு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னீங்களா, அதுக்கப்புறம் வேணாம்னு சொல்ல வாய் வரல. எனக்கு இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல."

திட்டியிருந்தால் கட்டக்கா தாங்கியிருப்பாள்.

"அவருகிட்டதான் போயிருக்குமா?" என்றாள் ஊசி.

"தெரியல. போகாமலும் இருக்கலாம்."

"படகுல பூட்டி வெச்ச கதையைப் படிச்சா அது நான்தான்னு அவருக்குப் புரிஞ்சிடும். நான் போகாதுன்னு நினைச்சுட்டு அங்க தூங்க முடியாதுல்லக்கா."

தையல் கடைக்காரம்மா அதுவரை மிஷினைத் துடைப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசியை உள்ளே கூப்பிட்டார். தனக்குத் தெரிந்த வேறு ஓர் இடம் இருக்கிறது என்றார். மற்றது கட்டக்காவின் காதில் விழவில்லை. விழ வேண்டாம் என்று அவளே இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டாள்.

மறுநாள் மதியம் பச்சைக் கட்டடத்து வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. சாமான் அதிகம் இல்லை. ஒரு பை, ஒரு வாளி, வாளிக்குள் சுருட்டிய பாய், அட்டைப்பெட்டி ஒன்று. கட்டக்கா வாளியைத் தூக்கி உள்ளே வைத்தாள். அந்தத் தெருவை அப்போதுதான் பகலில் நின்று பார்க்கிறாள். கிளை வெட்டுப்பட்ட மரம் அப்படியே இருந்தது.

"சனிக்கிழமை வருவியா?"

"பார்க்கிறேன்க்கா. நூலகத்துக்கு வர்ற வழியில வேன் ஸ்டாண்டு இருக்கு."

"வீட்டுலயே வரை. தாளும் மையும் தையல் கடையில கொடுத்து வைக்கிறேன். அவங்க கொண்டு வந்து தருவாங்க."

"சரிக்கா. ஜன்னல் வரையமாட்டேன்."

அவள் கேலியாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று முகத்தை வைத்துத் தெரியவில்லை. கட்டக்கா தலையாட்டினாள். புது அறையில் காற்று வருமா, சமைக்க இடம் இருக்கிறதா, எத்தனை பேரோடு தங்க வேண்டும் என்று கேட்க நாக்கு துடித்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஒரு முகவரியில் போய் முடியும்.

ஊசி ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் கட்டக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

கட்டக்கா திரும்பி, கட்டடத்துச் சுவரைப் பார்த்து நின்றாள். பின்னால் ஊசியின் குரல் தாழ்ந்து ஏதோ சொன்னது. ஆட்டோ கிளம்பியது. தெருமுனையில் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.