வெக்ரா ராஜாவின் சிரிப்பு

வெக்ரா கிரகத்துக்காரர்கள் கெட்டவர்கள் என்பதில் எனக்கும் பெரியப்பா மகனான அண்ணனுக்கும் சந்தேகமே இல்லை. எந்த வகையில் கெட்டவர்கள் என்பதில்தான் அடிதடி. ஞாயிறுதோறும் டிவியில் தமிழ் பேசிய அந்த ஊதாத் தோல்காரர்கள், பூமியிலிருந்து ஆட்களைப் பிடித்துப்போய்ச் சூடான இரும்புச் சக்கரத்தின்மேல் ஓட விடுவார்கள். ஆட்கள் கத்தக் கத்த அரண்மனையில் வண்ண விளக்குகள் எரியும். அந்த வெளிச்சத்தில் வெக்ராக்கள் குதித்துக் குதித்து ஆடுவார்கள்.

"ஆளுங்க கத்தறதக் கேட்டாத்தான்டா அவனுங்களுக்குக் குஷி" என்பான் அண்ணன்.

"இல்லண்ணா, லைட்டுதான் குஷி. யாரும் கத்தாமயே லைட்டு எரிஞ்சா எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்க. பாவம், ஜாலியா இருக்கணும், அவ்ளோதான்."

"பாவமா? அப்ப உன்னையும் சக்கரத்துல ஏத்தணும்டா!"

அந்த வருடம் சண்டை முற்றியதற்குக் காரணம் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் அப்பா வேலை பார்த்த கம்பி கம்பெனியில் ஆயுத பூஜை அன்று மட்டும் உலையை அணைத்துவிட்டுக் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். பிள்ளைகள் நாடகம் போடலாம். எங்கள் தெருவின் நாடகம் வெக்ரா என்று முடிவானது. ராஜா வேஷமோ ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் உயிரோடு இருந்து என்ன பயன் என்றே நினைத்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அத்தையிடம் வழக்கு போனது. "இன்னாடா கத்திக்கினு கீறீங்க, ஒரே பேஜாரு! ரெண்டு பேரும் ராஜா மாதிரி சிரிச்சுக் காட்டுங்க" என்றார்.

பக்கத்து வீட்டுப் பையன் அடிமையாக விழுந்து கிடந்தான். அண்ணன் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து பல்லைக் கடித்துச் சிரித்தான். நான் அடிமைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பொரியை அள்ளி வாயில் போட்டபடி சிரித்தேன்.

அத்தை என்னையே பார்த்தார். "மூஞ்சப் பாத்து சிரிக்கறவனுக்கு எதிர்ல ஒரு ஆளு கீறான்னாவது தெரிது. இவன் திரும்பியே பாக்கலியே! இவன்தான்டா பெரிய ராட்சசன். நீயே ராஜா."

வெக்ராக்களை நல்லவர்களாக்கப் போய் ராட்சசப் பட்டம் வாங்கியிருந்தேன். அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? தெருமுனை வரை ஓடிப்போய்க் கூவிவிட்டு வந்தேன்.

கம்பெனிக்குள் லாரி டிரெய்லர்தான் மேடை. முன்வரிசை நாற்காலிகளில் விருந்தினர்கள் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால், வாழைக்கன்று கட்டி மாலை போட்ட இயந்திரங்களை ஒட்டி அப்பாவும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். நான் சபையைப் பார்த்து உட்கார்ந்து பொரி தின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அடிமையான அண்ணன் சக்கரத்தின்மேல் ஓடுவதுபோல் ஓடினான். ராஜா வேஷம் போன ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தான் போல. திடீரென்று அலறினான் பாருங்கள்:

"ஐயோ! காலு மாட்டிக்கிச்சு! அம்மா!"

நிஜமாகவே மாட்டிக்கொண்டானோ என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் திரும்பவில்லை. அதனால்தான் சபையில் நடந்தது முழுவதையும் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் விழுந்தடித்து ஓடினார்கள். மேடைப் பக்கம் ஒருவர்கூட வரவில்லை. இயந்திரங்களை நோக்கி ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த அப்பா, சிவப்பு ஸ்டாப் பட்டனை ஓங்கிக் குத்தினார். காலையிலிருந்து ஓடாமல், பொட்டு வைத்துக்கொண்டு சும்மா நின்ற இயந்திரம் அது.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பிறகு நாற்காலிகள் அதிர அப்படி ஒரு சிரிப்பு! எனக்கும் தாங்கவில்லை. வேஷத்தை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணனும் எழுந்து வந்து சேர்ந்துகொண்டான். அன்று எங்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் எந்த நாடகத்துக்கும் கிடைக்கவில்லை.

வீடு திரும்பும்போது, அண்ணனோடு அப்பாவின் பைக்கில் உட்கார்ந்தபடி கேட்டேன்: "ஏம்பா, மிஷின்தான் ஓடவே இல்லியே?"

"அந்தச் சத்தம் கேட்டா கை தானா போய்டுதுடா" என்றார் அப்பா.

அதற்கும் நாங்கள் இருவரும் சிரித்தோம். வீட்டுக்குப் போயும் கைதட்டல் யாருக்கு, ராஜாவுக்கா அடிமைக்கா என்றுதான் சண்டை. அப்பாவின் கை அந்தச் சத்தத்தை அதற்கு முன் எங்கே கேட்டிருந்தது என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை.