ஒரு விரற்கடை உயரம்

என் பெரியம்மா மகள் கெதுத் ராசி ஏழு வயதில் நாவல் மரத்திலிருந்து விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது, இடது தோள் மட்டும் ஒரு விரற்கடை தூக்கியே நின்றுபோனது. அந்தத் தோளோடுதான் நடனம் கற்றாள். இருபத்து மூன்று வயதில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுத்தாள்.

எங்கள் பாலித் தீவில் நடனத்தை வாயால் சொல்லிக் கொடுப்பதில்லை. பின்னால் நின்று இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, முழங்காலால் நம் முழங்காலை மடக்கி, தன் உடம்பை நம் உடம்பில் ஏற்றிவிட வேண்டும். அவள் ஏற்றியதில் அந்தத் தோளும் ஏறிவிட்டது. ஐந்து பேர் படித்தோம். ஐந்து பேருக்கும் இடது தோள் ஒரு விரற்கடை மேலே. கோயிலுக்குப் படையல் தட்டு சுமந்து போனால், "ராசியோட கோழிக்குஞ்சுங்க போகுது பாரு" என்று ஊரே சிரிக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் கம்யூனிஸ்டுகளின் விவசாயிகள் சங்கத்துக் கூட்டத்தில் நாங்கள் நாற்று நடுகிற நடனம் ஆடினோம். வருடக் கடைசியில் ராணுவமும் அதற்குத் துணைபோன கறுப்புச் சட்டைக்காரர்களும் அந்தச் சங்கத்தோடு ஒட்டினவர்களையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். ஏறினவர் யாரும் திரும்பவில்லை.

கறுப்புச் சட்டைக்காரர்கள் எங்கள் ஊர்ச் சாவடிக்கும் வந்து, ஊரையே கூட்டி, எங்கள் ஐவரையும் நடுவில் நிறுத்தினார்கள். "இதுங்களுக்கு ஆடக் கத்துக்கொடுத்தது யாரு?" என்றான் தலைவன்.

"நாங்களே பார்த்துக் கத்துக்கிட்டோம்" என்றோம்.

"பார்த்தா? பார்த்தாலே ஆட்டம் வரும்னா எங்க வீட்டுப் பன்னிகூட ஆடும். எங்கப்பன் மத்தளக்காரன்டி. எனக்கா காது குத்துறீங்க? ஆடுங்க!"

என் சித்தப்பாவை மத்தளம் அடிக்கச் சொன்னார்கள். எங்களில் மூத்தவள், "தோளை இறக்குங்கடி" என்று முணுமுணுத்தாள். இறக்கிக்கொண்டோம். மெதுவான அடிகள் ஒப்பேறின. பிறகு வேக அடி வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மற்ற நால்வரும் தோள் நினைப்பில் இருந்தார்கள். நான் ஆட்டத்தில் இருந்தேன். தோள் தானாக ஏறியது. சித்தப்பா பதறி மத்தளத்தை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதில்தான் அவன் என்னைக் கவனித்தான்.

"இந்தத் தோளை இங்கயே எங்கயோ பார்த்தேனே" என்று கூட்டத்தைத் துழாவினான்.

ராசி தானே எழுந்து வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ சரியாத்தான்டி ஆடின. கோணல் என்னோடது" என்றாள். அப்புறம் லாரியில் ஏறினாள்.

உடல் கிடைக்கவில்லை. பதினோரு வருடம் கழித்துத்தான் அவளுக்குத் தகனம் செய்தோம். உடல் இல்லாதவர்களுக்குச் சந்தனப் பலகையில் உருவம் எழுதி எரிப்பது வழக்கம். எழுதினவர் தோள் இரண்டையும் சமமாக எழுதினார்.

"ஐயா, இடது தோளைக் கொஞ்சம் தூக்குங்க" என்றேன்.

"எல்லாருக்கும் ஒரே உருவந்தாம்மா. சாமிக்குத் தோள் எதுக்கு? பேரு போதும்."

"அவனுங்க இவளைத் தோளை வெச்சுத்தான் கண்டுபிடிச்சானுங்க. சாமியும் அப்படியே கண்டுபிடிக்கட்டும்."

அவர் கோட்டைச் சுரண்டிவிட்டு ஒரு நெல்லளவு மேலே எழுதினார். நான்தான் அதைத் தட்டில் வைத்துத் தலையில் சுமந்து போனேன். வழியில் யாரும் சிரிக்கவில்லை.