அடைத்த மேய்க்காலும் எங்கள் சினைமாடும்

ஊரோடு ஒத்துப்போவது என்றால் எங்கள் மாமாவுக்கு வேப்பங்காயாகக் கசக்கும். அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு மாட்டைப் பார்த்துக்கொண்டார். காணைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஏரியை ஒட்டி ஒரு மேய்க்கால் உண்டு, ஊர் மாடுகளுக்கெல்லாம் பொதுவான புல்வெளி. முதல் மழை விழுந்ததும் ஊர் கூடி அதை அடைத்துவிடும். புல் பூத்து விதை உதிரும்வரை எந்த மாடும் இறங்கக் கூடாது. மீறினால் அந்த வீட்டு மாட்டுக்கு வருஷம் முழுவதும் அங்கே மேய்ச்சல் கிடையாது.

“புல்லுக்குப் போயி பூட்டு போடுவாங்களா? மாடு வைக்கோலையே தின்னுகினு பால் வத்திப்போச்சுங்க!” என்று அந்த வருஷக் கூட்டத்தில் மாமா குதித்தார்.

“இப்ப வேரோட கடிச்சிடுச்சின்னா கோடையில மண்ணத்தான் மேய்க்கணும்,” என்றார், அடைத்தே ஆகவேண்டும் என்று முன்னால் நின்ற பெரியப்பா. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

சில நாள் கழித்து, விடிந்தும் விடியாமலும் மாமா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். அதன் இடது வயிறு மத்தளம்போல உப்பியிருந்தது. சினைமாடு வேறு. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அதன் பாலை நம்பித்தான். அது நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கியது. மாமா முகத்தில் ஈயாடவில்லை.

“இன்னாடா போட்ட அதுக்கு?” என்று அம்மா அலறினாள்.

“வைக்கோல்தாங்க்கா.”

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டால், விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்பதாகச் சொன்னார். அம்மாவின் சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் பெரியப்பா. மாட்டை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் வாயைப் பல்லிடுக்குவரை அழுத்தித் துடைத்தார். துண்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, “ஜல்தியா மல்லாட்ட எண்ணெ எடுத்தாம்மா,” என்றார்.

மூங்கில் குழாயில் கடலையெண்ணெயைப் புகட்டி, வேப்பங்குச்சியை வாயில் குறுக்கே கட்டி, முன்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்தினார்கள். அதற்குள் பாதித் தெரு கூடிவிட்டது. நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். மாடு குச்சியை மென்றுகொண்டே இருந்தது. திடீரென்று விட்டது பாருங்கள் ஒரு ஏப்பம்! அடுத்தடுத்து ஏப்பமாக வந்து வயிறு மெல்ல இறங்கியது. அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இன்னாதான் தின்னுச்சு?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“ஈர வைக்கோலப் போட்டுட்டான்போல,” என்று பெரியப்பா முந்திக்கொண்டார்.

மாமா தலையைத் தூக்கவேயில்லை. மறு வருஷம் மேய்க்காலை அடைக்கலாமா என்று கேட்டபோது முதலில் கை தூக்கியது அவர்தான். மனுஷன் பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

உயிர் போகிற அவசரத்தில் பெரியப்பா மாட்டுக்கு வாய் துடைத்துவிட்டதுதான் அன்று எனக்குப் பெரிய வேடிக்கை. அவர் வீட்டுக்குப் போகும்போது, அக்குளில் இருந்த வெள்ளைத் துண்டில் பச்சைப் பச்சையாகக் கறை தெரிந்தது. வைக்கோல் எந்த நிறம் என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.