ஸ்கூட்டரில் சொன்ன கடைசி ஆசை

1991. தண்டலம் பக்கத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அசெம்ப்ளி லைனில் எவன் மூஞ்சியையும் தொங்கவிடாமல் நக்கலடித்தே பெயர் வாங்கியவன் நான். அப்போது ஓவர்டைம் மேல் ஓவர்டைம். தூக்கம் போய், டீயில்தான் உடம்பு ஓடியது.

ஒரு மதியம் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் யாரோ டமாரம் அடித்தார்கள். விரல்கள் மரத்துப்போயின. மூச்சு பாதியில் நின்றது. முடிந்தது கதை என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் சூப்பர்வைசர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர்தான் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றி, விழுந்துவிடாமல் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு விரட்டினார். வழி முழுக்க அவர் காதில் மரண வாக்குமூலம் கொடுத்தேன்.

"சார், சைக்கிள தம்பிக்குக் குடுத்துடுங்க. பொண்டாட்டிய அழ வேணாம்னு சொல்லுங்க. இல்ல, கொஞ்சம் அழட்டும்."

"யோவ், பேசறவன் சாவ மாட்டான். பேசிக்கினே வா."

இ.சி.ஜி. பார்த்த டாக்டரம்மா, "இதயத்துல ஒண்ணுமில்ல. மனசு தாங்காம உடம்பு அடிச்ச அலாரம் இது" என்றார். "திரும்ப வந்தா பாதத்தைத் தரையில அழுத்தி வச்சு, மூச்சை மெல்ல, நீளமா வெளிய விடுங்க. இறங்கிடும். டீயைக் குறைங்க, நல்லா தூங்குங்க, வீட்டுல மறைக்காதீங்க. அடிக்கடி வந்தா இங்க வாங்க."

எனக்கு அவமானமாகிவிட்டது. மாரடைப்பு என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. பயம் என்றால்? "கேஸ் டிரபிள்னு சொல்லிடுங்க சார்" என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன்.

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? அடுத்த வாரம் கேன்டீனில் சைக்கிள் உயிலிலிருந்து டாக்டரம்மா சொன்னதுவரை நானே நடித்துக் காட்டிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கேட்டார்.

"மெதுவான்னது மூச்ச இழுக்கறப்பவா, வுடறப்பவா?"

"வுடறப்ப சார். யாருக்கு?"

"எனக்குத்தான்யா. ரொம்ப நாளா வந்துகினு கீது. வூட்லகூட தெரியாது. அன்னிக்கு உன்ன ஏத்திக்கினு போறப்பவும் வந்துச்சு. கை நடுங்குது, ரோடு தெரியல. நீ பேசறதப் புடிச்சிக்கினுதான் ஓட்னேன்."

எனக்கு நிஜமான பயம் வந்தது அப்போதுதான். லாரிகள் பறக்கும் பெங்களூர் ரோட்டில், செத்துக்கொண்டிருப்பதாக நினைத்த ஒருவனும், அதையே சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்த இன்னொருவரும் ஒரே துண்டில் கட்டுண்டு போயிருக்கிறோம். அவரிடம் போய், மறைத்துவிடுங்கள் என்று வேறு கெஞ்சியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். பஸ்ஸில்தான்.

இன்றும் என் நக்கலுக்கு ஊரே சிரிக்கும்போது, சிரிக்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைத்தான் என் கண் தேடுகிறது.